ஆனைக்கொம்பன்

முதலில் பார்த்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நெல் நாற்று நட்டு நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் தூருக்கு ஒன்று, இரண்டு என்று தண்டுகள் வெள்ளையாய் மினுங்கிக்கொண்டு எழுந்து நின்றன. வெங்காயத்தாள் போல உருண்டு, நேராக.

கதிர்தான் வருகிறது என்று நினைத்தான்.

ஷார்ஜாவில் இருபது வருஷம் ஏசி பழுது பார்த்தவன். இதுதான் முதல் நடவு. மனைவியும் மகளும் சென்னையை விட்டு வரமாட்டோம் என்றுவிட்டார்கள். ஊர் வீட்டில் அவன் மட்டும்.

ஒரு தண்டைத் தடவிப் பார்த்தான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் நம்பிராஜன் குனிந்து நின்றார்.

கிணற்றைப் பங்கு பிரித்ததில் வந்த சண்டை. பேச்சு நின்று ஆறு வருஷம். அம்மா இறந்த அன்றைக்குக்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றுதான் அழுதார்கள்.

அண்ணன் நிமிர்ந்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் விரல் பட்ட தண்டைப் பார்த்தார்.

பிறகு, காலடியில் கிடந்த மண்வெட்டியிடம் சொல்வது போலச் சொன்னார்.

"கதிருன்னு நெனச்சிட்டு சில பேரு நிக்காவ. அது ஆனைக்கொம்பன்லா. ஈ விழுந்துருக்கு. இனி அதுல ஒரு மணி நெல்லு வராது."

குனிந்துகொண்டார்.

அவன் தண்டை உருவினான். நகத்தால் கீறிப் பிளந்தான். உள்ளே வெறும் குழல். அடியில், நொய்யளவு, சிவப்பாக ஒரு புழு. வெயில் பட்டதும் நெளிந்தது.

இன்னொன்றை உருவினான். அதிலும்.

அடுத்ததில் புழு இல்லை. நுனியருகே ஒரு துளை. ஈ உரித்துப் போட்டுவிட்டுப் பறந்த கூடு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சிரித்ததை நினைத்து அவனுக்குக் கூசியது.

காலை முழுக்க உருவினான். போகப் போகப் பிளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. நாலு தூர் தள்ளி நிற்கும்போதே தெரிந்துவிட்டது. உருவியதைப் போட்ட சாக்கைச் சேற்றில் இழுத்துக்கொண்டு நடந்தான். இடுப்பு கடுத்தது.

உச்சி வெயிலில் பொது வரப்பை ஒட்டி வந்திருந்தான். அந்தப் பக்கம் அண்ணனும் வந்திருந்தார். அவர் சாக்கும் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

இரண்டு பேரும் ஒரே திசையில் நகர்ந்தார்கள்.

தண்ணீர் கலங்கும் சத்தம் மட்டும்.

இன்னும் நாலைந்து தூர்தான் மிச்சம். அது முடிந்தால் அவர் கை கால் கழுவிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

அவன் ஒரு தண்டை உருவினான். வெள்ளை. குழல். சந்தேகப்பட அதில் எதுவும் இல்லை.

வரப்புக்கு மேலாக நீட்டினான்.

"இதுவும் அதானா, அண்ணே?"

அண்ணன் கையை வாய்க்காலில் அலசினார். வேட்டியில் துடைத்தார். வாங்கினார்.

வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பி, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.