பள்ளத்துப் பக்கச் சுவர்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் மிச்சம் ஆறு காம்பரா வீடுகள்தான். ஏழாவதைப் போன வருட மண்சரிவு ஆளோடு கொண்டுபோனது. நிர்வாகம் அந்தப் பள்ளத்துக்கு ஒரு வேலிகூடப் போடவில்லை.

ரவுட்டர் கடைசி வீடான என் வீட்டில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு போனுக்குத்தான் இணைப்புக் கொடுத்தேன். நெட் நின்றால் சுவரைத் தட்டுவார்கள்.

அன்று எனக்கு ஆன்லைனில் நேர்முகப் பரீட்சை. தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது என் போனில் படம் உறைந்தது. பார்த்தால், ஏழு போன் இணைந்திருந்தது.

"ஏழு போன் காட்டுது, எவ திருட்டுத்தனமா பாக்குறது?" என்று கத்தினேன்.

"டிகிரி முடிச்ச புள்ளைக்கு எண்ணத் தெரியலயா?" என்றார் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்கா.

ஏழாவதை வெட்டிவிட்டேன். படம் தெளிந்தது.

உடனே சுவரில் தட்டினார்கள். "அக்கா, நெட் போயிருச்சு."

"இன்டர்வியூ முடியிற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

அந்தச் சுவருக்கு அப்பால் பள்ளம்தான் இருக்கிறது.