பழையவை முடிந்தன

மணி அலறியது. அவள் விரல் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது, கண் திரையில் இருந்தது.

கீழ்த்தளத்து பேட்டரி அறையில் புகை. பொத்தானை அழுத்தினால் அறைக்குள் வாயு பாய்ந்து தீயை அணைத்துவிடும். உள்ளே ஆள் இருந்தால் மூச்சு நின்றுவிடும்.

எலக்ட்ரீஷியனான அவள் கொழுந்தன் அங்கேதான் வேலையாக இருந்தான். காலையில் ஒருமுறை போய் வந்தவன், ஸ்பேனரை அங்கேயே விட்டுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி இறங்கினான். போனை அவள் மேசையில் சார்ஜில் போட்டிருந்தான்.

“இதோ வந்துடுறேன் அண்ணி. டீயை மூடி வையுங்க.”

காலையிலிருந்தே அறைக்கும் திரைக்கும் இணைப்பு இல்லை. மணிக்கு மட்டும் தனிக் கம்பி. இணைப்பு இப்போதுதான் திரும்பியது.

இணைப்பு அறுந்தால், நடந்ததையெல்லாம் அறையிலுள்ள கருவி சேர்த்து வைத்துக்கொள்ளும். திரும்பியதும் பழசையெல்லாம் வரிசையாகக் கொட்டும். கடைசியில் ‘பழையவை முடிந்தன’ என்று ஒரு வரி. அதற்குப் பிறகு வருவதுதான் இந்த நிமிடத்துச் செய்தி.

எல்லாம் அவளே வடிவமைத்தது. ஒவ்வொரு வரியிலும் நேரத்தைக் காட்ட வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள். திரையில் இடத்தை அடைக்கும் என்றார் மேலாளர். மேடைப் பேச்சு மாதிரி கடைசியில் ஒரு நன்றி வணக்கம் சொன்னால் போதாதா என்றார். கூட்டமே சிரித்தது. எரிச்சலை விழுங்கிக்கொண்டு அவளும் சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து அந்த வரிக்கு நன்றி வணக்கம் என்றே பெயர்.

திரையில் வரிகள் ஓடின.

கதவு திறந்தது. உள்ளே ஒருவர். கதவு மூடியது.

கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை. கதவு மூடியது.

அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்துவிட்டான். நன்றி வணக்கம் எப்போதோ மேலே ஓடிப்போயிருக்கும், இந்தச் சத்தத்தில் அவள்தான் கவனிக்கவில்லை.

மேல்தளங்களிலிருந்து ஆட்கள் தடதடவென்று படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பேட்டரி வெடித்தாலும் யாரும் தப்ப முடியாது. இதற்கு மேல் தாமதிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அழுத்தினாள்.

கீழே எங்கோ வாயு சீறும் சத்தம் கேட்டது. கொழுந்தன் வருகிறானா என்று படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வருகிற ஆட்களில் அவன் இல்லை. திரும்பினாள்.

திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. உள்ளே ஒருவர். கதவு மூடியது.

பழையவை முடிந்தன.