ஏழாம் நபர்

"பதினாலு நிமிஷம்!"

டாக்டர் மிரோஸ்லாவ் ஸ்டாப்வாட்சை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். தொழிலாளர்களைச் சோதிப்பதற்காகப் புகை நிரப்பிய பாதை அது. மற்றவர்கள் எட்டு நிமிஷத்தில் கடந்திருந்தார்கள்.

எர்வின் முகமூடியைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டார். சிலேசிய நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்துமூன்று வருஷம் உழைத்த உடம்பு.

"என்ன எர்வின், நடுவுல ஒரு தூக்கம் போட்டீங்களா?"

"இல்லைங்க டாக்டர். அங்கங்க நின்னு, சுவரோரமா போற இரும்புக் குழாயைத் தட்டினேன்."

"எதுக்கு?"

"பழக்கமாயிடுச்சுங்க."

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுரங்கத் தீயைப் பற்றி முப்பத்திரண்டு கட்டுரை எழுதியவர். வீட்டு அடுப்பைப் பற்றவைக்க மட்டும் மனைவியைக் கூப்பிடுவார்.

"ஒன்பது வருஷம் முன்னாடி கீழ கரி ஏத்திப் போற பெல்ட் தீப்பிடிச்சுதே, தெரியுமா? முன்னால போன ஆளு உங்களை மாதிரிதான், நின்னு நின்னு போனான். இருபது நிமிஷம் லேட்! அதை ஆராய்ச்சி பண்ணித்தான் நான் டாக்டர் பட்டமே வாங்கினேன்."

"யாருங்க அந்த ஆளு?"

"பேர் தெரியாது. அறிக்கையில பேருக்குப் பதிலா நம்பர்தான், 'ஏழாம் நபர்'னு இருக்கும்."

"எத்தனை பேர் உயிரோட வந்தாங்கன்னு எழுதினீங்களா?"

"அது என் தலைப்பு இல்லை."

எர்வின் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை எடுத்து உறிஞ்சிக்கொண்டார்.

டாக்டர் அறிக்கையில் எழுதினார்: 'எர்வின், சுரங்கத்தின் அடியில் வேலை செய்யத் தகுதியற்றவர்.'

"டாக்டர், இன்னும் ரெண்டு வருஷம் கீழ இருந்தாத்தான் எனக்கு முழு பென்ஷன். இப்ப மேல அனுப்பிட்டாங்கன்னா..."

"உங்க பென்ஷன் தீக்குத் தெரியுமா?"

தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய், அடுத்த கட்டுரையில் சேர்த்துவிடலாம் என்று குறித்துக்கொண்டார்.

பதிவேடு எழுதும் ஹலினா குறுக்கிட்டாள். "டாக்டர், சோதனைக்கு நாற்பது பேர் வேணும்னீங்க. முப்பத்தொன்பதுதான் இருக்கு."

"அவ்வளவுதானே? நானே போறேன்."

"நீங்களா? இதுக்கு முன்னாடி புகைக்குள்ள போயிருக்கீங்களா?"

"புகையைப் பத்தி புத்தகமே எழுதியிருக்கேன்மா!"

முகமூடியை மாட்டிக்கொண்டு கம்பீரமாக நுழைந்தார். கம்பீரம் பன்னிரண்டு அடி வரைக்கும் இருந்தது.

கை குழாயை விட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். புகையில் மனிதன் எவ்வளவு வேகமாக நடப்பான் என்பதற்கு அவர் கண்டுபிடித்த சூத்திரம் ஒன்று இருந்தது. இப்போது அது நினைவுக்கு வரவில்லை. இறந்துபோன அம்மாதான் நினைவுக்கு வந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பயத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டொக். டொக். டொக்.

சத்தம் முன்னால் இருந்து வந்தது. தவழ்ந்தார். குழாய் கையில் பட்டது. பத்தடி போனதும் மறுபடியும் டொக், டொக், டொக். அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போய் வெளிச்சத்தில் விழுந்தார்.

வெளியே எர்வின் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நேரமா காணோமேன்னு இந்தப் பக்கமா நுழைஞ்சேங்க."

"முப்பத்தோரு நிமிஷம்," என்றாள் ஹலினா. "எழுதிக்கட்டுமா டாக்டர்?"

டாக்டருக்கு மூச்சு வாங்கியது. "எர்வின், இப்படித் தட்ட யாரு கத்துக்குடுத்தது?"

"யாரும் இல்லைங்க. அன்னைக்குப் புகையில எனக்குப் பின்னால பதினோரு பேர். கண்ணே தெரியல. பத்தடிக்கு ஒருதரம் நின்னு தட்டினேன், பின்னால இருந்து பதில் தட்டு வந்தப்புறம் நகர்ந்தேன். பதினோரு பேரும் வந்துட்டாங்க. அதுலேர்ந்து புகையைப் பார்த்தாலே கை தானா தட்டுதுங்க."

"அப்போ அந்த ஏழாம் நபர்..."

"நான்தாங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"அதுலதான் பட்டம் வாங்கினேன்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னீங்க. இத்தனை பேர் முன்னாடி உங்களை எதுக்குச் சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டேன். இந்தாங்க, கொஞ்சம் பொடி போடுங்க, படபடப்பு அடங்கும்."

டாக்டர் பொடியை வாங்கிக்கொண்டார். நாலு தும்மல் தும்மினார். கண் கலங்கியதற்கு அது வசதியாக இருந்தது.

பிறகு அறிக்கையை எடுத்து, 'தகுதியற்றவர்' என்று தான் எழுதிய வரியைத் திரும்பப் படித்தார். வரியில் தப்பில்லை. எர்வின் பெயரை மட்டும் அடித்துவிட்டு, அங்கே தன் பெயரை எழுதினார்.