தூக்காத கை

"இந்தாங்க தம்பி, செத்த புடிங்க. துணி மாத்தணும்."

சசிகலா குழந்தையை நீட்டினாள். ஹேமநாத் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"இப்பதான் அண்ணி கம்பெனி பஸ்லருந்து எறங்கனேன். கை கழுவிட்டு வந்துடறேன்."

கழுவப் போனவன் பின்கட்டில் அவன் அப்பாவின் தறி அறைக்குள் புகுந்துகொண்டான்.

நேற்று சளி என்றான். அதற்கு முன்தினம் அசதி. தன் தங்கை, ஹேமநாத்தின் மனைவி ஜெயப்ரியாவுக்குப் பிரசவமானதும் ஒத்தாசைக்கு வந்த சசிகலா, மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒருமுறை அவன் குழந்தையின் கன்னத்தைத் தொட்டதோடு சரி.

"பொண்ணாப் போச்சேன்னு ஒன் வூட்டுக்காரருக்கு பேஜாரு" என்றாள் தங்கையிடம்.

"சும்மா இரு, அக்கா. காதுல வுழப்போவுது."

"வுழட்டுமே. பையனா இருந்தா தோள்ல போட்டுகினு தெருவெல்லாம் திரிவாரு."

ஜெயப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையின் கையில் நழுவியிருந்த துணி உறையை இழுத்துக் கட்டினாள். "இது வேற, பொறந்த அன்னிக்கே கன்னத்துல கீறிக்கிச்சு. நகம் வெட்டவும் பயமா இருக்கு."

நேராகவே கேட்டுவிடுவது என்று சசிகலா எழுந்து போனாள். தறி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஹேமநாத் குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டில். தறியில் மிச்சமிருந்த பட்டு நூலிலிருந்து ஒரு இழையை உருவி, விரித்த உள்ளங்கைமேல் மெல்ல இழுத்தான்.

தறி வீட்டில் பிறந்தவளுக்கு அது தெரியும். சின்ன வயதில் அவளுடைய அப்பா அவள் கையிலும் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பார். இழை வழுக்கிப் போனால்தான் தறியில் பூட்டிய பாவு நூலைத் தொட விடுவார். சிக்கினால் அன்றைக்குக் கிடையாது.

இழை பாதியில் சிக்கியது. செய்யாறு கம்பெனியில் இரும்புக்கு உப்புத்தாள் தேய்க்கிற கை. எண்ணெயை ஊற்றி அழுத்தித் தேய்த்தான். மறுபடி இழுத்தான். மறுபடியும் சிக்கியது.

சசிகலாவுக்குக் குழந்தையின் கன்னத்துக் கீறலும், அன்றைக்கு அவன் அதைத் தொட்டதும் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தாள்.

"என்னக்கா, கேட்டியா?"

"கொழந்தைய குடு."

தன் பழைய நூல் புடவையை நாலாய் மடித்துக் குழந்தையைச் சுற்றினாள். எடுத்துக்கொண்டு போய் அவன் மடியில் கிடத்தினாள். அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள், அவன் விரலைப் பிடிக்கட்டும் என்று குழந்தையின் கை உறை இரண்டையும் அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.