முந்நூறு கிராம்

"அப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கான். உங்க ஜாடை மருந்துக்கும் இல்லையே, அண்ணி!" என்று நாத்தனார் செண்பகம் கொஞ்சிவிட்டுப் போனாள்.

பூங்கோதை சிரித்துவைத்தாள். கருமுட்டை இன்னொருத்தி கொடுத்தது என்பது வீட்டில் கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

நர்ஸ் எடைச்சீட்டை நீட்டினாள். "கருவோட மரபணுப்படி ரெண்டே முக்கால் கிலோதான் வரணும்க்கா. பையன் மூணு கிலோ அம்பது கிராம் இருக்கான்."

"மிஷின் தப்பா?"

"இல்லக்கா, சுமந்தவங்க மரபணுவுக்கும் பங்கு உண்டு. முந்நூறு கிராம் உங்க உடம்பு ஊட்டினது. சீட்டுலயே பிரிச்சுப் போட்டிருக்கு பாருங்க."

மறுநாளும் செண்பகம் பிள்ளையின் மூக்கையும் காதையும் ஆராய்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

பூங்கோதை துணியை விலக்கி, கொழுகொழுத் தொடை மடிப்பை மெல்லக் கிள்ளினாள்.

"பார்க்க வேண்டிய இடத்துல பார்க்கணும், செண்பகம். இது முழுக்க நான்தான்."