ஐந்தாம் வகுப்பு அம்மாக்கண்ணு

"மூணாவது தடவையும் பெயிலா?" என்று பள்ளிக்கூடமே அதிரும்படி கேட்டார் அழகன். "லயத்து வீட்டுக்காரங்க முன்னால தலை காட்ட முடியலைங்க, டீச்சரம்மா. எப்படியாச்சும் பாஸ் போட்டு விட்டுருங்க."

இந்திராதேவி டீச்சர் சோதனைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். நூற்றுக்குப் பதினொன்று. "இதுக்கு எப்படிங்க பாஸ் போடுறது?"

அழகனின் மகள் அம்மாக்கண்ணு கரும்பலகைக்குப் பக்கத்தில் குனிந்த தலையோடு நின்றாள். பதினைந்து வயது. கூடப் படித்தவர்கள் எப்போதோ தேயிலைக் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியாயிற்று.

"மந்திரிச்சுக்கூட பார்த்தாச்சுங்க," என்றார் அழகன், இன்னும் உரக்க. "ஒண்ணும் ஏறல."

அவரைக் கையோடு கூட்டி வந்த சோலைமலைக் கங்காணி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கொழுந்து மளமளவென்று வருகிற மாதம், மலையில் ஆள் போதவில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பு பாஸாகாத பிள்ளையை வேலைக்குப் பதியக் கூடாது என்பது துரையின் உத்தரவு. ஐந்துக்கு மேல் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வகுப்பும் கிடையாது.

"டீச்சர், படிப்பு ஏறாத புள்ளைகளுக்குன்னு மத்தியானத்துல தனி வகுப்பு வைக்கிறீங்க. தொரைகிட்ட சொல்லி அதுக்கு எடம் வாங்கிக் குடுத்ததே நான்தான். அங்க என்னதான் சொல்லிக் குடுக்குறீங்க?"

"வெளங்குற வரைக்கும் சொல்லிக் குடுக்குறேன், கங்காணி ஐயா."

"அஞ்சு பொண்ணுங்க படிக்குது. அஞ்சும் பெயிலு."

"மெதுவாத்தான் வருவாங்க."

"மெதுவா வந்தா கொழுந்து முத்திப் போகும்." கங்காணி உள்ளே வந்தார். "நானே ரெண்டு கேள்வி கேக்குறேன். ஒண்ணுக்குச் சரியாப் பதில் சொன்னாலும் போதும். புள்ள பாஸுன்னு தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். திங்கக்கிழமை காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வந்துரணும்."

டீச்சர் அழகனைப் பார்த்தார். அழகன் கையைக் கட்டிக்கொண்டார். "ஐயா பெரிய மனசு பண்ணிக் கேளுங்க."

"இந்தா புள்ள, இலங்கைக்குத் தலைநகரம் எது?"

அம்மாக்கண்ணு கூரைத் தகரத்தைப் பார்த்து வெகுநேரம் யோசித்தாள். "கந்தப்பளைங்க."

"எப்படி?"

"அங்கதாங்க எல்லா பஸ்ஸும் நிக்குது."

அழகன் தலையில் அடித்துக்கொண்டார். கங்காணி விடவில்லை. "சரி, போகட்டும். ஏழொம்போது எவ்வளவு?"

"எழுபத்தொம்போதுங்க."

"அறுபத்திநாலு," என்றார் கங்காணி. "மூணாம் வகுப்போட நின்ன எனக்கே தெரியுது."

அம்மாக்கண்ணு சட்டென்று நிமிர்ந்து வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அழகனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்குவதற்குள் அவள் பழையபடி குனிந்துகொண்டாள்.

கங்காணி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்குப் பேர் பதிஞ்சா முத்தலையும் கொழுந்தையும் ஒண்ணாக் கிள்ளிப் போட்டு என் பேரைக் கெடுத்துரும்," என்றார் கடைசியில். "டீச்சர், இன்னும் ஒரு வருசம் இங்கயே கெடக்கட்டும். ஒங்க பொறுமைக்குக் கும்புடுதான் போடணும்."

"பரவாயில்லைங்க," என்றார் டீச்சர்.

"அழகா, நீ மனச விட்டுறாத. ஒன்ன மாதிரியே பொறந்திருக்கு, வேற என்ன?"

"ஆமாங்க," என்றார் அழகன்.

கங்காணி குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். அழகன் வாசலில் நின்று பார்த்தார். குடை தேயிலைச் செடிகளுக்கு மேலே கறுப்பாக மிதந்து போய், முடக்கில் திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகும் சற்று நேரம் நின்றார்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு மேசைப் பக்கம் வந்தார். இப்போது குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டுமே கேட்டது.

"எட்டாம் வகுப்புச் சோதனை நுவரெலியாவுல என்னைக்குங்க, டீச்சரம்மா?"