எதிரே வரும் வண்டி

அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மாடக்கண்ணு, மகளைப் பார்க்க முதல்முறையாகக் கடல் தாண்டி வந்திருந்தார். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில் முன் கண்ணாடியை ஒட்டியே இடம் கிடைத்தது.

“டிரைவர் எங்கம்மா?”

“இதுல டிரைவரே கிடையாதுப்பா. தானா ஓடும்.”

வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடியது. அவர் நினைத்த அதே இடத்தில் ரயிலும் வேகத்தைக் குறைத்தது.

“கெட்டிக்காரப் பயதான்,” என்றார். “ஆனா எதிர்த்தாப்ல வர்ற வண்டிக்கு யாரு கை காட்டுவா?”

மகள் சிரித்தாள்.

பாலத்தில் எதிர் ரயில் வந்தது. பழக்க தோஷத்தில் அவர் கை உயர்ந்தது. அந்த ரயிலின் முன் கண்ணாடிக்குள்ளும் ஒரு கை உயர்ந்து, பதில் சொல்லிவிட்டுப் போனது.